முதல் மூட்டைக்கு லாபம் என்று பேர்

தை 5, திங்கள்

இது எந்த வருடம் என்று பின்னால் யாராவது கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும். கண்மாய் ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை நிரம்பி மறுகால் பாய்ந்த வருடம். வடகாட்டுக் காற்றாலையின் இறக்கை ஒன்று முறிந்து சோளத்துக்குள் விழுந்து, எடுக்க ஆள் வராமல், வெள்ளைத் தோணி மாதிரிக் கிடந்த வருடம். ஊருக்குள் வரும் மினி பஸ் நின்று, பிறகு வந்து, மறுபடியும் நின்ற வருடம். ஐப்பசியில் விதைப்பு முடிந்த மறுவாரம், என் மகன் பொன்ராசு சோளக் காட்டிலிருந்து வந்து தண்ணீர் கேட்டு, தண்ணீர் வருவதற்குள் போய்விட்ட வருடம்.

நாலையும் சேர்த்துச் சொன்னால்தான் வருடம் அசையாமல் நிற்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. நடந்ததை மறக்கவும் தெரியாது.

இதை எழுதுகிறவள் மருமகள். பொன்ராசு வீட்டுக்காரி. பத்தாவது வரை படித்தவள். நான் பேசுவதைச் சுத்தமாக்கி எழுதுகிறாள். ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டதை மட்டும் அவரவர் வாயில் வந்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பேச்சை மாற்றினால் ஆளே மாறிப்போவார்.

டைரி, விளாத்திகுளத்தில் ரத்தினசாமி அண்ணாச்சி கமிஷன் கடையில் கொடுத்தது. தானியம் விளைவித்துக் கொண்டுபோய்ப் போடும் சம்சாரிகளுக்கு வருடா வருடம் கொடுப்பார்கள். இந்தத் தடவையும் அட்டையில் பொன்ராசு பேரை எழுதியே கொடுத்தனுப்பிவிட்டார்கள். மருமகள் அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

"மாமா, நீங்க சொல்லுத பழைய கதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தா உலை வைக்கிறது யாரு? சாயந்தரம் ஒரு நேரம் வச்சுக்குவோம். நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றாள்.

சரி என்றேன்.

தை 9, வெள்ளி

கதிர் அறுப்பு தொடங்கியது. விடியும் நேரத்தில் பனி இறங்கி, தட்டைகள் தெரியாமல் கதிர்கள் மட்டும் வெள்ளையாக மேலே மிதந்தன. வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். கரிசல் மண் தெரியவில்லை. ஆட்கள் இடுப்பு வரைதான் இருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு யார் யார் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பனிக்குள் நின்று அறுக்கலாம் போல இருந்தது.

பிறகு வெயில் வந்துவிட்டது. பத்துப் பேர்தான். எல்லாரும் கூலி ஆட்கள்.

தை 12, திங்கள்

கதிர் களத்துக்கு வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் சோளச் சுணை அரித்தது. மருமகள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"யாவாரியை எப்படி மாமா பார்த்துப் பிடிக்கிறது? அவுக இருந்தவரைக்கும் அவுக போயிப் போட்டாக. நான் கேட்டுக்கிட்டதே இல்ல."

அவுக என்றால் பொன்ராசு.

நான் சொன்னேன்: கையைப் பார்க்க வேண்டும். மாதிரிக்கு ஒரு கை சோளத்தை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, நான்கை வாயில் போட்டுக் கடிப்பார்கள். அது எல்லாரும் செய்வது. மிச்சச் சோளம் எங்கே போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. திரும்ப நம் சாக்கில் போடுகிறவர் ஒருவர். தன் கால்மாட்டில் இருக்கும் கூடையில் போடுகிறவர் ஒருவர். பேசிக்கொண்டே தரையில் சிந்தவிட்டு, சாயந்தரம் கூட்டி அள்ளுகிறவர் ஒருவர். எங்கள் அப்பா மூன்றாவது ஆள் கடையை எட்டிப் பார்க்கவே மாட்டார். கூடைக்காரரையாவது திருடன் என்று தெரியும் என்பார்.

எட்டயபுரம் ரோட்டில் ஒருவர் இருந்தார். தானியம் கொண்டுவருகிறவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு, அதில் நெய் வேறு. ஊர் முழுக்க அங்கே ஓடியது. அப்பா மட்டும் போகவில்லை. "இலையில நெய் ஊத்துறவன், தராசுல எதை ஊத்துவான்?" என்று கேட்டார். அந்த ஆள் கடை மூன்று வருடத்தில் இருந்த இடம் தெரியவில்லை.

ரத்தினசாமி கடை அவருடைய தாத்தா காலத்துக் கடை. வாசலில் வேம்பு நிழல். மண்பானைத் தண்ணீர். மாதிரிச் சோளம் சாக்குக்கே திரும்பிவிடும். இன்னொன்றும் உண்டு. அங்கே மூட்டைக்கு மூட்டை பேர் சொல்லி எடை போடுவார்கள். மற்றக் கடைகளில் எந்திரத் தராசு. சிவப்பு எழுத்து ஓடும், சீட்டுக் கிழியும், சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். இங்கே எடையாள் கொம்பையா தராசுப் பக்கத்தில் நின்று, யாருடைய தானியமோ அவருடைய பேரைச் சொல்லித்தான் எண்ணுவான். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டான். லாபம் என்பான். "பொன்ராசு லாபம்! பொன்ராசு ரெண்டு! பொன்ராசு மூணு!" என்று தெருமுனை வரை கேட்கும். நாதஸ்வரம் மாதிரிக் குரல் அவனுக்கு.

"வெலையப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே மாமா" என்றாள் மருமகள்.

"எல்லாக் கடையிலயும் ஒரே வெலைதான்த்தா."

"இல்ல மாமா. நான் போன் பண்ணிக் கேட்டேன்."

எண்ணெய்க் கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

தை 17, சனி

மருமகளின் அண்ணன் வன்னியமுத்து வந்தான். நல்லவன். வந்ததும் மாட்டுக்குத் தட்டை போட்டான், பிய்ந்து கிடந்த தார்ப்பாயைத் தைத்தான். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தவன் ஆரம்பித்தான்.

"ஏ தங்கச்சி, வெள்ளாமை வைக்கிறது பெருசில்ல. அதை யாரும் வச்சிருவாக. வித்து வீடு கொண்டுவந்து சேக்கணும். அதுக்கு ஆம்பளை வேணும்."

"நீ போன வருசம் பருத்தியை வித்த லட்சணத்தைப் பார்த்தோம்ல" என்றாள் இவள்.

"அது வேற கதை. இங்க கேளு. யார் பேர்ல தானியம் ஏறுதோ அவுகளுக்குத்தான் கடைக்காரன் ஆடியில வெதையும் உரமும் கடனாத் தாரான். மச்சான் பேர்ல இனிமே எவன் தருவான்? ஒன்னைய நம்பி எவன் தருவான்? இந்தச் சோளம் ஒம் பேர்ல ஏறட்டும், நான் வாய மூடிக்கிடுதேன். ஏறலைன்னா காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு நம்ம ஊருக்கு வந்துரு. மாமாவையும் கூட்டிக்கோ. நான் என்ன சோறு போடமாட்டேனா?"

"மாமா அங்க வரமாட்டாக."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெளியே பார்த்தேன். களத்தில் காக்கைகள் கதிர்க் குவியலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன, நிலம் அளக்க வந்தவர்கள் மாதிரி.

அவள் போய்விடமாட்டாள். போகிறவள் என்றால் டைரி எழுத உட்காரமாட்டாள்.

தை 20, செவ்வாய்

காற்று இல்லை. அடித்த சோளத்தைத் தூற்ற முடியவில்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தோம்.

தை 21, புதன்

காற்று வந்தது. பொடியும் சொங்கும் ஒரு பக்கமாகப் பறந்து போய்த் தெருவை மூடின. சாயந்தர வெயிலில் ஊரே பொன்னாகப் புகைந்தது. அந்தப் புகைக்குள் மருமகள் சுளகை உயர்த்திப் பிடித்து நின்றாள். தலையில் கட்டியிருந்தது பொன்ராசுவின் துண்டு. கொஞ்ச நேரம் என்னை மறந்திருந்தேன்.

தை 23, வெள்ளி

லாரி வியாபாரி ஒருவர் களத்துக்கே வந்தார். கிருபாகரன் என்று பேர். ஈரம் பார்க்கிற பெட்டி கையில். நேரே என்னிடம் வந்து கும்பிட்டார். சோளக் குவியலுக்குப் பக்கத்தில் மருமகள் நின்றாள். அவளைத் தாண்டித்தான் வந்தார்.

"ஐயா, வீட்ல ஆம்பளை யாரும் இல்லீங்களா? வெலை பேசணும்."

"களத்துல நிக்கிறது நான்தான். சோளத்துக்கு மீசை இருந்தாத்தான் வாங்குவீகளோ?" என்றாள் மருமகள்.

மூட்டை தைக்க வந்திருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார்.

"அப்படி இல்லக்கா. நாளைக்கு வீட்டு ஆம்பளை வந்து பேச்சை மாத்தக் கூடாதுல்ல? அதுக்குத்தான்."

விலை நன்றாகத்தான் சொன்னார். ரத்தினசாமி கடையை விடக் கூட. ஒரு கை சோளம் அள்ளிப் பெட்டிக்குள் போட்டார். இன்னொரு கை. இன்னொரு கை. எல்லாம் அவருடைய பைக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"போன்லதான் ஐயா கடை. ஒரு கால் பண்ணா வந்து நிப்பேன்."

"ஆடியில வெதைக்கும் வந்து நிப்பீகளா?" இது மருமகள்.

"வாங்குறது மட்டும்தான்க்கா நம்ம லைன்."

அவர் போனபிறகு சொன்னேன்: வியாபாரி என்றால் நாம் போய் அவர் வாசலில் உட்கார ஒரு இடம் இருக்க வேண்டும். ஏமாற்றினால் போய்ச் சத்தம் போடுவதற்காவது ஒரு வாசல் வேண்டும். மருமகள் தலையை ஆட்டினாள். அதில் எனக்கும் அவளுக்கும் ஒரே எண்ணம்தான்.

"அப்ப ரத்தினசாமி கடைதான்" என்றேன்.

"நான் போயி ஒரு எட்டுப் பார்த்துட்டு வாரேன் மாமா" என்றாள்.

"நீ எதுக்கு? பொன்ராசு பேரைச் சொன்னா முடிஞ்சது."

அவள் ஊசியில் சணல் கோக்க ஆரம்பித்தாள்.

தை 26, திங்கள்

மருமகள் துண்டு நுனியில் மாதிரிச் சோளம் முடிந்துகொண்டு டவுனுக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து மாதிரிச் சோளத்தை ஒரு பெண் கொண்டுபோவது இதுதான் முதல் தடவை. ஆட்டைக் கட்ட மறந்து போய்விட்டாள். ஆடு முருங்கையைத் தின்றுவிட்டது. அதை விரட்டவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ரத்தினசாமி அண்ணாச்சி சேர் போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். சோளத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை அவள் துண்டிலேயே திரும்பப் போட்டுவிட்டார். "இந்த வருசம் இது மாதிரி முத்துமுத்தா எவரும் கொண்டாரல தாயி. கொண்டாந்து எறக்குங்க. பொன்ராசு பேர்லயே ஏத்திருவோம்."

"எம் பேர்ல ஏத்துங்க அண்ணாச்சி."

"எதுக்கு மாத்திக்கிட்டு? நல்ல பேரு, ராசியான பேரு. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கட்டும்."

"ஆடியில வெதை கேட்டு நான் வந்து நின்னா, பொன்ராசுக்குத் தருவீகளா, எனக்குத் தருவீகளா?"

அண்ணாச்சி கணக்கப்பிள்ளையைப் பார்த்தாராம். பிறகு, "பெரியவர் வரட்டும் தாயி. அவுக வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கு மாமனாரைக் கேக்காம பேரை மாத்திட்டான்னு எம் மேல ஒரு பேச்சு வரக் கூடாது" என்றிருக்கிறார்.

சொல்லி முடித்துவிட்டு மருமகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மாமா சொல்லப் போறீக?"

எனக்கு அசதியாக இருந்தது. கண்ணை மூடினேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

தை 28, புதன்

மத்தியானம் சோளக் குவியலில் சாய்ந்திருந்தேன். வெயிலில் சூடேறிய சோளம் முதுகுக்கு இதமாக இருக்கும். உடம்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்; குவியல் ஆளை வாங்கிக்கொள்ளும்.

அப்போது கடைத்தெருவில் இருந்தேன். வேம்பு பூத்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. தரையெல்லாம் சோளம், முழங்கால் ஆழத்துக்கு, தண்ணீர் மாதிரி அலை அடித்தது. கொம்பையா எங்கேயோ தெரியாத இடத்திலிருந்து பேர் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை பொன்ராசு என்று கேட்கும்போதும் தெருக்கோடியில் ஒரு ஆள் ஒரு அடி பக்கத்தில் வந்தான். தலையில் மூட்டை. முகம் தெரியவில்லை. ரெண்டு என்றால் ஒரு அடி. மூணு என்றால் ஒரு அடி. நிறுத்தாமல் எண்ண வேண்டும், மூட்டை தீர்ந்துவிடக் கூடாது என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

மருமகள் தொட்டு எழுப்பினாள். மழை மேகமாம், தார்ப்பாய் போட வேண்டுமாம். மழை வரவில்லை. சும்மா எழுப்பிவிட்டாள்.

இந்தக் கனவை எழுத வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மாசி 1, வெள்ளி

மாமா இன்று ஒன்றும் சொல்லவில்லை. தூங்குகிறார். தூக்கத்தில் எண்ணுகிறார். ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் அவுக பேரைச் சொல்கிறார். எழுப்ப மனம் வரவில்லை. இதை நானாகத்தான் எழுதுகிறேன்.

மாசி 4, திங்கள்

ஊர்க்காரன் பரமன் டிராக்டரில் மூட்டைகளை ஏற்றி விடியக்காலமே கிளம்பினோம். மருமகள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். நான் டிரைவர் பக்கத்தில். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பனி. டிராக்டர் ஒரே இடத்தில் நின்று உறுமுவது போலவும், புளியமரங்கள்தான் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போவது போலவும் இருந்தது.

கடையில் அண்ணாச்சி எழுந்து வந்து என் கையைப் பிடித்து இறக்கினார். மகனுக்குத் துட்டி கேட்டார். தண்ணீர் வந்தது. கொம்பையா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"வாங்க சின்னையா. கண்ணு தெரியுதா?"

"ஒன் மூஞ்சியப் பார்க்க இந்தக் கண்ணு போதும்ல" என்றேன்.

"என்ன பேர்ல போடட்டும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பேனாவோடு பார்த்தார். இதற்குத்தான் வந்திருக்கிறோம். ஒரு வார்த்தை. பானைத் தண்ணீரை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். நேரம் போனது. ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அப்போது மருமகள் பேசினாள்.

"பொன்ராசுன்னே கூப்பிடுங்கண்ணே."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லில் அவள் எதைக் கீழே வைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஆடி விதை, காடு, இந்த ஊர். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

முதல் மூட்டை தராசில் ஏறியது. கொம்பையா ஒரு கையைக் காதில் வைத்தான்.

"பொன்ராசு... லாபம்!"

கண்ணை மூடிக்கொண்டேன். வேம்பு, தெரு, தகரக் கூரை எல்லாவற்றிலும் பட்டு அந்தப் பேர் திரும்பி வந்தது. எத்தனை மாதம் ஆயிற்று, அந்தப் பேரை யாரும் உரக்கச் சொல்லி! வீட்டில் 'அவுக'. ஊரில் 'பாவம் அந்தப் பையன்'. எங்கேயும் பேர் இல்லை. இங்கேதான் அது முழுதாக இருந்தது. இதற்காகத்தான் நான் வேம்பு நிழலையும் பானைத் தண்ணீரையும் அத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன் போல.

அடுத்து ரெண்டு என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். மூட்டை தராசிலேயே இருந்தது. கொம்பையா கையைக் காதிலிருந்து எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுமை ஆட்கள் இரண்டாவது மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தபடி நின்றார்கள்.

அன்றைக்கு இந்தக் கடையைப் பற்றிச் சொன்னபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எதையும் மறக்காத நான் அதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. அந்தக் கடையில் எடையாள் பேர் சொன்னால், பேருக்கு உரியவர் "வரட்டும்!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால்தான் மூட்டை இறங்கும், அடுத்தது ஏறும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அதுதான் பழக்கம். பொன்ராசு சிரித்துக்கொண்டே பதில் கொடுப்பான், கடைசி மூட்டை வரை தொண்டை கட்டாமல்.

கொம்பையா பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருந்துவிட்டான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் முகம் மாறிவிட்டது. "சின்னையா, நீங்க சொல்லுங்களேன்" என்றான் மெல்ல.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கூப்பிட்டது என்னை இல்லையே.

மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"கொம்பையா, அந்த மூட்டைய எறக்கு" என்றேன். "முதல்லருந்து போடு."

"லாபம் சொன்ன மூட்டைய எறக்கக் கூடாதுல்லா சின்னையா?"

"நான் சொல்லுதேன், எறக்கு."

"பெரியவரே" என்று அண்ணாச்சி எழுந்து வந்தார். "அப்ப யார் பேர்ல ஏத்தட்டும்? ஒங்க பேர்லயா?"

தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாபகம் ஒன்றுதான். அதைத்தான் சொன்னேன்.

"அண்ணாச்சி, எங்க காட்டுச் சோளத்துக்கு இந்தக் கடையில வரட்டும்னு சொன்னவுக இவுகதான். முதல்ல எங்க தாத்தா இருளப்பன். ஒங்க தாத்தா தரையில உக்காந்து வாங்குன காலம். அவுக இல்ல. அப்புறம் எங்க அப்பா மாடசாமி. சத்தம் போட்டா வேம்புல இருக்கிற காக்கா பறக்கும். அவுக இல்ல. எங்க அண்ணன் வெள்ளையன், ரெண்டே வருசம். அவனும் இல்ல. அப்புறம் நான். கருத்தமுத்துன்னு கூப்பிட்டா நான் சொன்னேன். இப்பச் சொல்லிப் பார்த்தேன், சத்தம் வரல. என்னையும் போனவுக கூடச் சேத்துக்கோங்க. அப்புறம் பொன்ராசு."

கொம்பையா என் தோளைப் பிடித்துக்கொண்டான். கணக்கப்பிள்ளை எழுதாமல் காத்திருந்தார்.

"அந்தக் காட்டுக்குப் பதில் சொல்ல உசுரோட ஒரு ஆளுதான் இருக்கு. ஆடியில வெதைக்கு வந்து நிக்கப் போறதும் அந்த ஆளுதான்."

"பேரைச் சொல்லுங்க பெரியவரே" என்றார் அண்ணாச்சி.

இருபது வருடமாக ஏத்தா, ஏ புள்ளை, மருமகளே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இந்த டைரியிலும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது எழுதுகிறவள் கை நிற்கிறது. எழுது தாயி, அங்கே நான் சொன்னபடியே எழுது.

சண்முகக்கனி.